தாடை மூட்டு வலிக்கு நைட் கார்ட்: சில வருடப் பாவனைக்குப் பிறகு

வலி போய்விட்டது. 'டக்' சத்தம் போகவில்லை. நைட் கார்ட், அதாவது இரவில் தூங்கும்போது பற்களின் மேல் போடும் உறை, செய்ய நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு செய்வது நல்லது.

எனக்குக் கொட்டாவி விட்டாலே இடது காதுக்கு முன்னால் டக்கென்று கேட்கும். தேங்காய் ரொட்டி மெல்லும்போது, "சாப்பிடக்குள்ள உன்ட வாயில சத்தம் வருது புள்ள" என்று பக்கத்தில் இருந்த மாமியே சொல்லும் அளவுக்கு. காலையில் எழும்பினால் நெற்றிப்பொட்டு வரை இறுக்கம். காதில் ஒன்றுமில்லை என்று காது டொக்டர் சொல்லிவிட்டார். ஒரு தனியார் பல் கிளினிக்கில், கடி சரியில்லை, பற்களைத் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும் என்றார்கள். தேய்த்த பல் திரும்ப வளராதே! வேண்டாமென்று வந்துவிட்டேன்.

பிறகு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் முகத்தாடை டொக்டரிடம் காட்டினேன். இரண்டு காதுக்கும் முன்னால் விரலை வைத்து, வாயைத் திறந்து மூடச் சொன்னார். மூட்டுக்குள் இருக்கும் சின்னத் தட்டு முன்னுக்கு விலகியிருக்கிறது, திறக்கும்போது அது திரும்ப இடத்தில் ஏறுகிற சத்தம்தான் இது என்றார். வலி இல்லாத வெறும் சத்தத்துக்கு வைத்தியமே தேவையில்லையாம். வாய் திறப்பு 40 மில்லிமீற்றர் அளவில் இருந்தால் போதும். வீட்டில் பார்ப்பதென்றால் நம்முடைய மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு இடையில் விடலாம். திடீரென்று திறக்க முடியாமல் பூட்டிக்கொண்டால் மட்டும் தாமதிக்காமல் வரச் சொன்னார்.

கார்டுக்குப் பல் அச்சு எடுத்து, கெட்டியான அக்ரிலிக்கில் மேற்பல்லுக்குச் செய்தார்கள். நீலத் தாளைக் கடிக்கவைத்து, கார்டில் அழுத்தமாகப் பதிந்த இடங்களைத் தேய்த்துச் சரிபார்த்தார்கள். இந்த வேலை சரியாக நடக்காவிட்டால் கார்ட் இருந்தும் பயனில்லை. தொடக்கத்தில் எச்சில் ஊறித் தலையணை நனையும். போட்டுக்கொண்டு பேசினால் வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். இப்போது என் கார்டில் வேட்டைப்பல் உரசும் இடத்தில் பளபளவென்று ஒரு பள்ளம். அது பல்லில் விழவேண்டிய தேய்வு.

சவர்க்காரமும் பச்சைத் தண்ணீரும் போட்டுத்தான் கழுவுகிறேன். பற்பசை கீறிவிடும், சுடுதண்ணீர் வளைத்துவிடும். நம்மூர் வெயிலில் மோட்டார் சைக்கிள் சீட்டுக்குள் வைக்கவே கூடாது.

பாதிச் சுகம் கார்டால் என்றால், மீதி பகலில் பழகியதால். உதடு மூடியிருக்கலாம், பற்கள் ஒன்றையொன்று தொடக்கூடாது என்று சொல்லித் தந்தார்கள். நான் ரீச்சர், பரீட்சைத் தாள் திருத்தும்போதுதான் அதிகம் கடிக்கிறேன் என்பது அதன் பிறகே பிடிபட்டது. வலி கூடிய நாட்களில் சுடுதுணி ஒத்தணம், குழைந்த சோறும் எருமைத் தயிரும். கச்சான், கரும்பு, சுவிங்கம் இல்லை.

ஒரு விஷயம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பல் அடைத்தால் கார்டின் பொருத்தம் மாறும். கடைவாய்ப் பல் அடைத்த பிறகு எனக்கு ஒரு பக்கம் ஏறவே மறுத்தது. கார்டைக் கொண்டுபோய், உள்பக்கம் கொஞ்சம் தேய்த்த பிறகுதான் பழையபடி உட்கார்ந்தது. பல் வேலைக்குப் போகும் நாளில் கார்டையும் பெட்டியோடு எடுத்துப் போங்கள்.