மேட்ச் இல்லாத நாளில் போய்ப் பார்க்க வேண்டிய ஸ்டேடியம்

ஒரு ஸ்டேடியம் ஊருக்கு உபயோகமாக இருக்கிறதா என்று தெரிய வேண்டுமென்றால் ஃபைனல் அன்று போகக் கூடாது, ஆட்டம் எதுவும் இல்லாத ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போக வேண்டும் என்பது என் கட்சி. அந்தக் கணக்கில் சிங்கப்பூர் காலாங்கில் இருக்கும் தேசிய விளையாட்டரங்கத்துக்கு ஐந்துக்கு நான்கு தாராளமாகக் கொடுப்பேன்.

2014-இல் திறந்தது, 55,000 பேர் உட்காரலாம், 310 மீட்டர் அகலக் கூரை, வேண்டும்போது திறந்து மூடும். இதையெல்லாம் எல்லாரும் சொல்லிவிடுவார்கள். எனக்குப் பிடித்தது அந்தக் கூரையின் ஓரம். இருக்கைகளோடு நின்றுவிடாமல் வெளியேயும் இறங்கி வந்து, அரங்கத்தைச் சுற்றியுள்ள அகலமான நடைபாதைக்கும் சேர்த்து நிழல் கொடுக்கிறது. அங்கே நடக்க டிக்கெட் வேண்டாம். வெளியே மழை கொட்டோ கொட்டென்று கொட்டும்போது இங்கே ஒருவர் வியர்க்க விறுவிறுக்க ஓடிக்கொண்டிருப்பார், அவரைத் தாண்டி ஒரு வாண்டு சக்கரக் காலணியில் தடுமாறிக்கொண்டு போகும், தாத்தா பாட்டிகள் கையை வீசி நடப்பார்கள். பக்கத்திலேயே நீச்சல் குளம், மால், சூப்பர்மார்க்கெட் என்று இருப்பதால், விளையாட்டுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பவர்கள்கூட இந்தப் பக்கம் வந்து போகிறார்கள். வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும், சுற்றிலும் வெறும் பார்க்கிங் மட்டுமே உள்ள ஸ்டேடியங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

கீழ்த்தட்டு இருக்கைகள் நகரும். அதனால் கால்பந்து, ரக்பி, கிரிக்கெட், தடகளம் நான்கையும் ஒரே இடத்தில் நடத்தலாம். ஆரம்பத்தில் புல் சரியாகப் பிடிக்காமல் ஆடுகளத்தில் மணல் தெரிந்தது உண்மைதான், அப்புறம் புல்தரையை மாற்றிவிட்டார்கள்.

சரி, ஒரு மதிப்பெண்ணை ஏன் பிடித்துக்கொண்டேன்? சான் பிரான்சிஸ்கோவில் ஆரக்கிள் பார்க் என்ற பேஸ்பால் ஸ்டேடியத்தின் தண்ணீரோரச் சுவரில் வளைவான திறப்புகள் விட்டிருக்கிறார்கள், அந்த வழியாகப் போகிறவர் காசு கொடுக்காமலேயே நின்று ஆட்டம் பார்க்கலாம். அந்தத் தாராளம் காலாங்கில் இன்னும் வேண்டும். சுற்றுப்பாதை எல்லாருக்கும் சொந்தமாகிவிட்டது, உள்ளே இருக்கும் ஆடுகளம் அந்த அளவுக்கு ஆகவில்லை. பொதுமக்கள் அதிகம் பயன்படுத்த வேண்டும் என்று சொல்லித்தான் 2022 டிசம்பரில் அரசே நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது, ஆகவே இதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

போகிறவர்கள் ரயிலிலேயே போங்கள், ஸ்டேஷனுக்குப் பேரே ஸ்டேடியம்தான், ஏறி வெளியே வந்தால் அரங்கம் பக்கத்திலேயே நிற்கும்.