மெர்க்குரி 250 புரோ எக்ஸ்எஸ்: பாஸ் போட்டின் வாலில் ஒரு வி8

மெர்க்குரி 250 புரோ எக்ஸ்எஸ் என்பது பாஸ் போட்டின் பின்பக்கம் வெளியே மாட்டும் 250 குதிரைத்திறன் எஞ்சின். பாஸ் என்றதும் நம்மூர்க் கொடுவாயை நினைக்க வேண்டாம். இது அமெரிக்க ஏரிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் வாழும் நன்னீர் மீன். அதைத் தூண்டிலில் பிடிப்பதற்கென்றே 20, 21 அடி நீளத்தில், தாழ்ந்த பக்கங்களோடு, அடிப்பகுதியின் நடுவில் 'பேட்' எனப்படும் தட்டையான பட்டையோடு செய்யப்படும் போட்தான் பாஸ் போட். முழு வேகத்தில் போட் அந்தப் பட்டையின் பின்முனையில் மட்டும் நின்று ஓடும், மற்றதெல்லாம் காற்றில். அதனால் இதற்கு எஞ்சின் வாங்குகிறவர்கள் குதிரைத்திறனைப் பார்ப்பதற்கு முன் எடையைப் பார்ப்பார்கள். பின்பக்கம் இருபது கிலோ கூடினாலே போட் கிளம்பும் விதம் மாறிவிடும்.

டூஸ்ட்ரோக் இந்தத் துறையில் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்கு அந்த எடைதான் காரணம். மெர்க்குரியின் 3.0 லிட்டர் ஆப்டிமேக்ஸ் 250 சுமார் 505 பவுண்டு, அதாவது 229 கிலோ. 2018இல் அதன் இடத்துக்கு வந்த ஃபோர்ஸ்ட்ரோக் 250 புரோ எக்ஸ்எஸ் எட்டு சிலிண்டர், 4.6 லிட்டர், 32 வால்வு. எடை அதே 505 பவுண்டு. சூப்பர்சார்ஜர் கிடையாது. யமஹா 2010இலேயே 4.2 லிட்டர் வி6 வி மேக்ஸ் எஸ்எச்ஓவோடு ஏறத்தாழ இதே எடையில் வந்துவிட்டது, ஆகவே இலேசான ஃபோர்ஸ்ட்ரோக் என்பது புதுச் சங்கதி அல்ல. மெர்க்குரி கொண்டுவந்தது கொள்ளளவை: அதே எடைக்குள் கூடுதலாக 400 சிசி. அந்த வித்தியாசம் உச்ச வேகத்தில் அவ்வளவாகத் தெரியாது. லிவரைத் தள்ளிய முதல் மூன்று நொடிகளில் தெரியும்.

பாஸ் மீன்பிடிப் பந்தயங்கள் பலவற்றில் 250 குதிரைத்திறன் என்பது நெடுங்காலமாக இருந்துவந்த உச்சவரம்பு. அதனால் 300 வாங்க வசதி உள்ளவர்களும் இந்த 250இல்தான் வந்து நிற்கிறார்கள்.

இனி சோதனை. டீலர் சொல்லும் வேகத்தையும் டேஷ்போர்டு முள் காட்டும் வேகத்தையும் நம்ப வேண்டாம், ஜிபிஎஸ் வேகம் ஒன்றே கணக்கு. எதிரெதிர்த் திசைகளில் ஒவ்வொரு ஓட்டம் ஓடி, இரண்டின் சராசரியை எடுக்க வேண்டும். அரை டாங்க் பெட்ரோல், இரண்டு ஆள், வழக்கமாக ஏற்றும் தூண்டில் சாமான் எல்லாம் போட்டில் இருக்கட்டும். வெறும் போட்டில் எடுத்த எண் விளம்பரத்துக்குத்தான் ஆகும். கிளம்பும் வேகத்தைப் பார்க்கும்போது மீன் தொட்டிகளில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். இரண்டு தொட்டி நிறையத் தண்ணீரோடு போட் சட்டென்று எழவில்லை என்றால், மீனோடு திரும்பும் மாலையிலும் எழாது.

எண்களைச் சரிபார்க்க ஒரு வாய்ப்பாடு போதும். ஆர்பிஎம்மை புரொப்பெல்லரின் பிட்ச்சால் (ஒரு சுற்றுக்கு ஏட்டளவில் எத்தனை அங்குலம் முன்னேறும் என்ற அளவு) பெருக்கி, கியர் விகிதத்தால் வகுத்து, மறுபடி 1056ஆல் வகுத்தால் மணிக்கு மைல் கணக்கில் ஏட்டு வேகம் கிடைக்கும். இந்த எஞ்சினின் கியர் விகிதம் 1.75. 25 பிட்ச், 6000 ஆர்பிஎம் என்றால் 81.2 மைல். ஜிபிஎஸ் 73 காட்டினால் வழுக்கல், அதாவது ஏட்டு வேகத்தில் தண்ணீரில் வீணாகும் பங்கு, சுமார் 10 சதவீதம், நல்ல அமைப்பு. 68தான் வருகிறது என்றால் வழுக்கல் 16 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. குற்றம் எஞ்சினில் இல்லை. எஞ்சினின் உயரம் தவறு, அல்லது புரொப்பெல்லர் இந்தப் போட்டுக்குப் பொருந்தவில்லை.

முழு த்ராட்டிலில் இந்த எஞ்சின் ஓட வேண்டிய எல்லை 5600 முதல் 6200 ஆர்பிஎம். பழைய போட்டில் எஞ்சினை மட்டும் மாற்றிக்கொள்கிறவர்கள் வழுக்கி விழும் இடம் இது. பழைய புரொப்பெல்லரையே மாட்டிவிட்டு, 5400க்கு மேல் ஏறவில்லை, எஞ்சின் மந்தம் என்பார்கள். அது பாரத்தில் திணறுகிறது, அவ்வளவுதான். அப்படியே பல நாள் ஓட்டினால் பெட்ரோலும் வீண், எஞ்சினுக்கும் கேடு. பிட்ச்சை ஒரு அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 ஆர்பிஎம் கூடும். சுமையோடு 6000ஐத் தொடும் அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். மாறாக, சுமை இல்லாத போட்டில் 6200ஐத் தாண்டி லிமிட்டரில் (சுற்றுக்கு எல்லை போடும் அமைப்பில்) இடித்தால் பிட்ச்சைக் கூட்ட வேண்டும். அதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: கால் பெடல் மாட்டிய போட்களில் கேபிள் இழுவை குறைந்து, பெடல் தரையைத் தொட்டாலும் த்ராட்டில் முழுதாகத் திறக்காமல் இருக்கும். திரையில் த்ராட்டில் அளவு 100 காட்டவில்லை என்றால் புரொப்பெல்லரைக் கழற்றாதீர்கள், கேபிளைச் சரிசெய்யுங்கள்.

புரொப்பெல்லரில் மூன்று இதழா நான்கு இதழா என்பது ஏரியைப் பொறுத்தது. மெர்க்குரியின் ஃப்யூரி போன்ற மூன்று இதழ் புரொப்பெல்லர் உச்ச வேகத்தில் ஓரிரு மைல் கூடுதலாகத் தரும். நான்கு இதழ் போட்டின் பின்புறத்தைத் தாங்கிப் பிடிக்கும், அலையிலும் திருப்பத்திலும் பிடி விடாது, குறைந்த வேகத்திலேயே போட்டை நீர்மேல் நிறுத்தும். அலாபாமாவின் கன்டர்ஸ்வில் போலப் பாசி மண்டிய ஏரியில் ஆழமில்லாத இடத்திலிருந்து கிளம்ப வேண்டியிருந்தால் நான்கு இதழ் தேவலை. காற்றுத் துளை உள்ள புரொப்பெல்லரில் துளை அடைப்பான்களை மாற்றிப் பார்ப்பது செலவில்லாத வைத்தியம். துளை பெரிதானால் தொடக்கத்தில் புகைக்காற்று இதழ்களுக்குள் கலந்து எஞ்சின் சட்டென்று சுற்றெடுக்கும். மிகப் பெரிதானால் சுற்று மட்டும் எகிறும், போட் நகராது.

உயரம்தான் எல்லாவற்றிலும் பெரிய விஷயம். போட்டை டிரெய்லரில் சமதளத்தில் நிறுத்தி, புரொப்பெல்லருக்கு மேலே உள்ள எஞ்சினின் தட்டு பேட்டுக்கு இணையாக இருக்கும்படி ட்ரிம்மை, அதாவது எஞ்சினின் சாய்வை, வையுங்கள். தரையிலிருந்து பேட்டுக்கு எவ்வளவு, தரையிலிருந்து புரொப்பெல்லர் தண்டின் நடுவுக்கு எவ்வளவு என்று அளந்து கழியுங்கள். தண்டு பேட்டுக்குக் கீழே 3½ அங்குலத்தில் இருக்க ஆரம்பிக்கலாம். அங்கிருந்து ஜாக் பிளேட்டில் (எஞ்சினை ஏற்றி இறக்கும் தாங்கியில்) கால் கால் அங்குலமாக உயர்த்தி, ஒவ்வொரு உயரத்திலும் வேகம், ஆர்பிஎம், நீர் அழுத்தம் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். வேகம் கூடாமல் ஆர்பிஎம் மட்டும் கூடினால் எல்லை தாண்டிவிட்டீர்கள். முழு வேகத்தில் நீர் அழுத்தம் 15 பிஎஸ்ஐக்குக் கீழே போனாலும் இறக்கிவிட வேண்டும். அரை மைல் வேகத்துக்காக எஞ்சினைச் சூடேற்றுவது மூடத்தனம்.

65 மைலுக்கு மேல் போட் இடமும் வலமும் தள்ளாட ஆரம்பிக்கும். புது எஞ்சினின் மேல் பழி போடாமல் முதலில் ஸ்டியரிங்கைப் பாருங்கள். ஹைட்ராலிக் குழாயில் காற்று புகுந்து ஸ்டியரிங் கொஞ்சம் ஆடினாலே இந்தத் தள்ளாட்டம் வரும். ஓட்டுகிறவர் தூக்கியெறியப்பட்டால் எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு இடுப்பில் இருக்கட்டும். 2021 ஏப்ரல் முதல் 26 அடிக்குக் குறைந்த போட்களுக்கு அது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டமே.

சிக்கனத்தைப் பற்றிப் பெரிதாக நம்பிக்கை வைக்க வேண்டாம். பெட்ரோல் எஞ்சினுக்குத் தோராயக் கணக்கு, மணிக்கு ஒரு கேலனுக்குப் பத்துக் குதிரைத்திறன். 250ஐ முழுதாகத் திறந்தால் எந்தக் கம்பெனியின் எஞ்சினும் 25 கேலன் அளவில் குடிக்கும். மிச்சம் பிடிப்பதெல்லாம் 3500 முதல் 4500 ஆர்பிஎம்முக்குள். நிஜமான லாபம் வேறு: டூஸ்ட்ரோக் ஆயில் டாங்க் இல்லை, புகை நாற்றம் இல்லை, ஐடிலில் பக்கத்தில் நிற்பவரோடு சாதாரணக் குரலில் பேசலாம்.

மின்சாரப் பக்கம் இந்த எஞ்சின் நிறையவே தாராளம். 115 ஆம்பியர் ஆல்டர்னேட்டர், பாட்டரி இறங்கினால் தானே ஐடிலைக் கொஞ்சம் உயர்த்தி சார்ஜ் ஏற்றும் வசதியும் உண்டு. மூன்று நான்கு சோனார் திரை, மீன் தொட்டி பம்ப் எல்லாம் ஒரே பாட்டரியில் தொங்கும் போட்டில் இது பெரிய உதவி. ஆனாலும் ஸ்டார்ட் பாட்டரி நல்ல ஏஜிஎம் வகையாக (அமிலம் கண்ணாடி நார் விரிப்பில் ஊறியிருக்கும், மூடிய பாட்டரி) இருக்க வேண்டும், திரைகளுக்குத் தடித்த தனி வயர் இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் சாவியைத் திருப்பும்போதெல்லாம் திரை அணைந்து எழும், குறையை எஞ்சினில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பராமரிப்பு எளிது. மேல் மூடியில் ஒரு சின்னக் கதவு, அதைத் திறந்தே ஆயில் பார்க்கலாம், ஊற்றலாம். வால்வு இடைவெளி சரிசெய்யும் வேலையே கிடையாது. எஞ்சின் ஆயிலும் கியர் ஆயிலும் 100 மணி நேரம் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அப்போது மாற்ற வேண்டும். தண்ணீர் பம்ப்பின் ரப்பர் இம்பெல்லருக்கு 300 மணி அல்லது மூன்றாண்டு. மணல் கலங்கிய ஏரியில் ஓட்டுகிறவர்கள் அதற்கும் முன்பே மாற்றுவது நல்லது. பெட்ரோலில் எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, நீர் பிரிக்கும் ஃபில்டர் கட்டாயம். புது எஞ்சினில் முதல் பத்து மணி நேரம் ஒரே வேகத்தில் நீளமாக ஓட்டாதீர்கள், முழு த்ராட்டிலில் தொடர்ந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள்.

ஃபோர்ஸ்ட்ரோக்குக்குப் புதிதாக வருகிறவர்கள் பழகிக்கொள்ள வேண்டியது டிப்ஸ்டிக்கை. குளிர்காலத்தில் சூடேறாமல் மெதுவாகவே நெடுநேரம் ஓட்டினால் எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து அளவு ஏறும். ஆயில் குறைந்தால் மட்டுமல்ல, கூடினாலும் பெட்ரோல் வாசனை வருகிறதா என்று முகர்ந்து பாருங்கள். வந்தால் ஆயிலை மாற்றுங்கள்.

கடைசியாக, எந்த எஞ்சினுக்கும் பொருந்துவது. தூண்டில் நரம்பு புரொப்பெல்லர் தண்டில் சுற்றி உள்ளே புகுந்து சீலை அறுத்துவிடும், கியர் பெட்டிக்குள் தண்ணீர் ஏறும். கியர் ஆயில் மோர் நிறத்தில் வடிந்தால் அதுதான் காரணம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நட்டைக் கழற்றிப் புரொப்பெல்லரை இழுத்து, தண்டைத் துடைத்து, கிரீஸ் தடவி மாட்டினால் போதும். இருபது நிமிட வேலை.