போர்தோ சிவப்பு ஒயின்: 2009-ஆ, 2010-ஆ?

பிரான்சின் போர்தோ ஒயினில் பழைய புட்டி தேடுபவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இது. இரண்டும் கொண்டாடப்பட்ட அறுவடை ஆண்டுகள்தான், ஆனால் வானிலை வேறு.

கோடை
2009: நல்ல வெயில், நல்ல சூடு. திராட்சை முழுதாகக் கனிந்தது.
2010: மழை குறைவு, ஆனால் பழுக்கும் காலத்தில் இரவுகள் குளிர்ந்தே இருந்தன. என் கணக்கில் வித்தியாசமே இங்கேதான். பழத்துக்குப் புளிப்பு தரும் மாலிக் அமிலம் சூட்டில் வேகமாகக் குறையும், குளிர்ந்த இரவில் மெதுவாகத்தான் குறையும். வறட்சியில் பழமும் சிறுத்துவிடும்: சாறு குறைவு, தோல் அதிகம். நிறமும், துவர்ப்பு தரும் டானினும் பெரும்பாலும் தோலிலிருந்துதான் வருகின்றன.

பூக்கும் பருவம்
2009: பெரிய சிக்கல் இல்லை. மே மாத ஆலங்கட்டி மழை சில தோட்டங்களை மட்டும் பதம் பார்த்தது.
2010: மெர்லோ என்ற திராட்சை வகையின் பூக்கள் சரியாகக் காய் பிடிக்கவில்லை, விளைச்சல் குறைந்தது.

சுவை
2009: மென்மை, கனிந்த பழச்சுவை, புளிப்பு குறைவு.
2010: புளிப்பும் துவர்ப்பும் தூக்கல். இளமையில் கொஞ்சம் முரடு.

ஆல்கஹால் இரண்டிலும் அதிகம். விலை? பெரிய பெயர்களில் இரண்டுமே கையைக் கடிக்கும்.

சீக்கிரம் திறந்து குடிக்க 2009. நிலவறையில் இன்னும் பல ஆண்டுகள் வைக்கப் பொறுமையும் குளிர்ந்த இடமும் இருந்தால் 2010. ஆட்டிறைச்சி வறுவலோடு என்றால் நான் 2010 பக்கம்தான்.