புது வண்டி என்று தலையில் கட்டியது போன வருஷத்து ஸ்டாக்: எஸ்யூவி வாங்கப் போகிறவர்கள் உஷார்

சென்னையில் நடுத்தர எஸ்யூவி பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். 2025 அட்சய திருதியை அன்று மாலை போட்டு, எலுமிச்சம்பழம் ஏற்றி எங்களுக்கு டெலிவரி கொடுத்த வண்டி 2024 ஜூலையில் தயாரானது. ஷோரூம்காரர்களுக்கு இது முதல் நாளே தெரியும். வண்டி எங்கள் பெயருக்குப் பதிவாகும்வரை ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

ஷோரூம் பெயரையும் வண்டியின் பெயரையும் எழுதப் போவதில்லை. புகார் போகவேண்டிய இடத்துக்குப் போகும். வண்டி நல்ல வண்டிதான், அதில் எனக்குச் சண்டை இல்லை.

எங்களுக்கு வீடு மடிப்பாக்கம். பழைய ஹேட்ச்பேக்கில் அத்தையை உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மூட்டு வலி, தாழ்ந்த சீட்டில் இறங்கி உட்காரவும் முடியாது, எழவும் முடியாது. மழைக்காலத்தில் எங்கள் தெருவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதனால்தான் எஸ்யூவி. கிரெட்டா, செல்டோஸ், எலிவேட், கிராண்ட் விட்டாரா, குஷாக் எல்லாமே நாங்கள் பார்த்தபோது 4.2 முதல் 4.4 மீட்டர் நீளத்துக்குள் அடங்கிய வண்டிகள், அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நுழைந்துவிடும். எலிவேட்டுக்கு கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி) 220 மில்லிமீட்டர், கிரெட்டாவுக்கு 190. கிராண்ட் விட்டாராவின் ஸ்ட்ராங் ஹைபிரிட் (பெட்ரோல் எஞ்சினோடு பேட்டரி மோட்டாரும் உள்ளது) லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்று கணக்குக் காட்டுகிறது, ஆனால் பேட்டரி டிக்கியில் கணிசமான இடத்தைத் தின்றுவிடுகிறது. பிரோஷர் படித்துத் தெரிந்துகொள்ளக்கூடியது இவ்வளவுதான்.

மற்றதை ஓட்டித்தான் பார்க்க வேண்டும். அதிலும் அவர்கள் சொல்கிற ரூட் வேண்டாம். எங்களை முதலில் கிண்டிப் பக்கம் வழவழவென்று இருக்கிற ரோட்டில் ஓட்ட வைத்து, ஒரு யூ டர்ன் போட்டுத் திரும்பக் கூட்டிவந்துவிட்டார் சேல்ஸ் தம்பி. என் வீட்டுக்காரர் விடவில்லை. வேறொரு நாள் வண்டியை வீட்டுக்கே வரவழைத்தோம். அத்தை பின் சீட்டில் ஏறி இறங்கினார். இரண்டு பக்கமும் பிள்ளைகளை உட்கார வைத்து நடுவில் நான் உட்கார்ந்தேன். நடுவில் தரை மேடாக இருந்ததால் காலை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. பேஸ்மென்ட் சரிவில் பாதியில் நிறுத்திக் கிளப்பிப் பார்த்தோம். கீழ்க்கட்டளை ட்ராஃபிக்கில் பகல் வெயிலில் ஊர்ந்தபோதுதான் பின்னால் ஏசி போதுமா, கியர் மாறும்போது இடிக்கிறதா என்பதெல்லாம் தெரிந்தது. இவ்வளவு செய்தும் ஒரு விஷயம் பாக்கி. டெஸ்ட் டிரைவுக்கு வருவது எப்போதும் டாப் வேரியன்ட். வென்டிலேட்டட் சீட், 360 டிகிரி கேமரா, பெரிய அலாய் வீல் எல்லாம் அதில்தான். நீங்கள் வாங்கப்போவது நடு வேரியன்ட் என்றால் அதே வேரியன்ட்டைக் கண்ணால் பார்க்காமல் சரி சொல்லாதீர்கள். டயர் சைஸ் மாறினால் குலுக்கலும் மாறும்.

சரி, ஏமாற்றிய கதைக்கு வருகிறேன். புக்கிங் ஃபார்மில் வேரியன்ட், கலர், விலை எல்லாம் நிரப்பினார்கள். தயாரிப்பு வருஷம் என்ற கட்டம் மட்டும் காலி. கேட்டேன். “2025 வண்டிதான் மேடம், ஃபேக்டரியில இருந்து நேரா வருது” என்றார் சேல்ஸ் தம்பி. வாட்ஸ்அப்பில் போடச் சொன்னேன், “2025 ஸ்டாக்” என்று போட்டார். அந்த மெசேஜ் பத்திரமாக இருக்கிறது. பதிவுக்கு முன்னால், வண்டிகளை நிறுத்தி வைக்கிற யார்டில் வந்து வண்டியைப் பார்க்கிறோம் என்றோம். வெளியாட்களை உள்ளே விட மாட்டார்கள், டெலிவரி அன்றைக்குப் பாலிஷ் போட்டுக் காட்டுகிறோம் என்று மழுப்பினார்கள். பேங்க் லோன் பணமும் போய்விட்டது. அட்சய திருதியைக்கு ஏகப்பட்ட டெலிவரி, இன்றைக்குப் பதிவு செய்யாவிட்டால் நாள் தவறிவிடும் என்று நெருக்கடி வேறு.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று சாயந்திரம் என் கொழுந்தனார் வந்தார். தாம்பரத்தில் டயர் கடை வைத்திருப்பவர். எல்லோரும் டேஷ்போர்டைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் குனிந்து டயரைத் தடவிக்கொண்டிருந்தார். டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். எங்கள் டயரில் 2524. அதாவது 2024 ஜூன் மாதம். “அண்ணி, டயர் கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம், அதை மட்டும் வச்சு சொல்ல முடியாது” என்று சொல்லிவிட்டுப் பின் சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்தார். அடியில் தைத்திருந்த துணி லேபிளிலும் 2024 நடுவில்தான் தேதி. அப்புறம் ஆர்சி, அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழ், கைக்கு வந்தது. தயாரிப்பு மாதம் 07/2024. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

மேனேஜரிடம் போனால், “மாடல்ல ஒரு மாற்றமும் இல்லையே மேடம், விலையும் ஒண்ணுதானே” என்கிறார். விலை ஒன்றாக இருந்ததுதான் பிரச்சனையே. வருஷம் மாறியதும் பழைய ஸ்டாக்குக்குத் தள்ளுபடி என்று இவர்களே பேனர் கட்டுகிறார்கள். எங்களுக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது, வண்டி மட்டும் அந்த வண்டி. நாளைக்கு விற்கப் போனால் வாங்குகிறவன் ஆர்சியில் தயாரிப்பு வருஷத்தைத்தான் முதலில் பார்ப்பான். இதே ஷோரூமில் எக்ஸ்சேஞ்சுக்கு விட்டாலும் 2024 வண்டி என்றுதான் விலை போடுவார்கள்.

இன்னொன்று வயிற்றைக் கலக்கியது. 2024 ஜூலையிலிருந்து இந்த வண்டி எங்கே நின்றது? அந்த அக்டோபர் மழைக்கு வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் வரிசையாகக் காரை ஏற்றி நிறுத்தியது ஞாபகம் இருக்கும். நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல். அத்தனைக்கும் நம்ம வண்டி வெட்டவெளி யார்டில். கொழுந்தனார் டிக்கி அடியில் ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்த்தார், கார்ப்பெட் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தார், சீட் அடியில் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்தார். சேறோ கறையோ இல்லை. தண்ணீருக்குள் நிற்கவில்லை என்ற அளவில் நிம்மதி. ஆனால் வந்த மாதமே பேட்டரி படுத்துவிட்டது. வைப்பர் ரப்பர் காய்ந்து கண்ணாடியைக் கீறியது. மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டிக்கு இதெல்லாம் வரக்கூடியதுதான் என்று சர்வீஸ் பையனே ஒத்துக்கொண்டான்.

வாங்குவதற்கு முன்னால் இதையெல்லாம் பிடிக்க வழி இருக்கிறது. ஃபார்ம் 22 என்று வண்டி தயாரித்த கம்பெனி தரும் சான்றிதழ் ஒன்று உண்டு, தயாரிப்பு மாதமும் வருஷமும் அதில் இருக்கும். பதிவுக்கு அது இல்லாமல் நடக்காது, ஆகவே “எங்ககிட்ட இல்லை” என்று அவர்கள் சொல்ல முடியாது. ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக இருக்கும் சேஸிஸ் நம்பரையும் கேளுங்கள். 17 எழுத்தில் பத்தாவது எழுத்து பல கம்பெனிகளில் வருஷத்தைக் குறிக்கும். 2024 என்றால் ஆர், 2025 என்றால் எஸ். எல்லாக் கம்பெனியும் ஒரே முறையில் போடுவதில்லை, அதனால் கடைசியில் ஃபார்ம் 22-ஐத்தான் நம்ப வேண்டும். அந்த சேஸிஸ் நம்பருள்ள வண்டியை நேரில் பார்த்த பிறகுதான் முழுப் பணமும் பதிவும். நம் பெயருக்குப் பதிவாகிவிட்டால் பேரம் பேசுகிற பலம் போயிற்று. தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை விலையுள்ள காருக்கு ரோடு டாக்ஸ் மட்டும் 18 சதவீதம். அதைக் கட்டிய பிறகு வண்டியைத் திருப்பிக் கொடுப்பது லேசுப்பட்ட காரியமா?

இன்சூரன்ஸிலும் விளையாடினார்கள். ஷோரூமில் எடுக்காவிட்டால் கேஷ்லெஸ் (ரிப்பேர் பணத்தை இன்சூரன்ஸ் கம்பெனியே நேராகக் கட்டுவது) கிடையாது என்று பயமுறுத்தல். புது காருக்கு மூன்று வருஷம் தேர்ட் பார்ட்டி (நம் வண்டியால் அடுத்தவருக்கு வரும் சேதத்துக்கான பாலிசி) கட்டாயம், அது உண்மை. அதை எங்கே எடுப்பது என்பது நம் இஷ்டம். வெளியே கேட்டால் இதே ஜீரோ டெப் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் தருவது), இதே எஞ்சின் புரொடெக்‌ஷன் கணிசமாகக் குறைவாக வந்தது. சென்னையில் எஞ்சின் புரொடெக்‌ஷனை மட்டும் விட்டுவிடாதீர்கள். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனால் சாதாரண பாலிசியில் பெரும்பாலும் கை விரித்துவிடுவார்கள்.

நாங்கள் இப்போது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்திருக்கிறோம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 50 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கேயே போகலாம், இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. புக்கிங் ஃபார்ம், வாட்ஸ்அப் மெசேஜ், ஆர்சி நகல், சீட் பெல்ட் லேபிள் போட்டோ எல்லாம் ஒரே ஃபைலில் போட்டு வைத்தாயிற்று.

1915-லிருந்து ஷோரூமுக்குத் தகவல் போன பிறகு மேனேஜர் கூப்பிட்டார். குரலே மாறியிருந்தது. எக்ஸ்டெண்டட் வாரன்ட்டி இலவசம், சீட் கவர் இலவசம், ஒரு சர்வீஸ் இலவசம் என்று அடுக்கினார். சரி சார், 2024 ஜூலை வண்டியை 2025 வண்டி என்று விற்றோம், அதற்கு ஈடாக இதைத் தருகிறோம் என்று ஷோரூம் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.