பின்வரிசையை மட்டும் பார்க்கும் வகுப்பு: ஆஃப்சைடு பொறி குறித்த ஓர் இணையவழிப் பயிற்சியின் மதிப்புரை

தடுப்பாட்டக்காரர்களின் தலைக்கு மேலே பந்து பறந்துபோவதும், எதிரணியின் முன்கள வீரர் தன்னந்தனியாக ஓடிச் சென்று கோல்கீப்பரைத் தாண்டிப் பந்தைத் தட்டிவிடுவதும் ஒரே பருவத்தில் பலமுறை நடந்துவிட்டால், பயிற்சியாளர் முன் இரண்டு வழிகள்தாம் இருக்கின்றன. பின்வரிசையைத் தன் கோலை நோக்கி இறக்கிவிடலாம். அல்லது துணிந்து அதை மேலே ஏற்றி ஆஃப்சைடு பொறியைக் கற்றுக்கொடுக்கலாம். சகவீரர் பந்தைத் தட்டும் கணத்தில், பந்தைவிடவும் தடுக்கும் அணியின் கடைசிக்கு முந்தைய ஆளைவிடவும் கோலுக்கு அருகில் நிற்பவர் ஆஃப்சைடு; அந்தக் கணத்துக்குச் சற்று முன் தடுப்பாட்டக்காரர்கள் சேர்ந்து முன்னேறி, எதிரணி வீரரை அப்படி மாட்டவைப்பதே பொறி. பதினாறு வயதுக்குட்பட்ட பையன்களுக்குப் பயிற்சியளிக்கும் நான் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்து, அதற்கென்றே நடத்தப்படும் ஆறு வார இணையவழி வகுப்பொன்றில் பணம் கட்டிச் சேர்ந்தேன். வாரத்துக்கு நான்கு காணொளிப் பாடங்கள், அச்சிட்டுக்கொள்ளும் வகையில் பயிற்சித் தாள்கள், வார இறுதியில் ஒரு வினாத்தாள் என்பது அதன் அமைப்பு. எல்லாப் பாடங்களையும் பார்த்து முடித்து, பெரும்பாலான பயிற்சிகளை மைதானத்தில் செய்தும் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

முதல் இரண்டு வாரங்கள் கட்டிய பணத்துக்குத் தகுதியானவை என்று தயங்காமல் சொல்வேன். நான்கு தடுப்பாட்டக்காரர்கள் ஒரே கோட்டில் நிற்பது என்பது கேட்பதற்கு எளிதாக இருந்தாலும், பந்தையும் தன் ஆளையும் ஒரே பார்வையில் வைத்துக்கொள்ளும்படி உடலைப் பாதி திருப்பி நிற்பது, எதிரணி பந்தைப் பின்னோக்கித் தட்டிய கணத்தில் நால்வரும் ஐந்தாறு அடி முன்னேறுவது, யாருடைய குரலுக்கு எல்லோரும் நகர வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்வது ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிப் பாடம் ஒதுக்கி, பொறுமையாகக் கற்றுத்தருகிறார்கள். ஜார்ஜ் கிரஹாம் பயிற்சியளித்த ஆர்சனல் அணியில் டிக்சன், ஆடம்ஸ், போல்ட், விண்டர்பர்ன் ஆகிய நால்வரையும் கயிற்றால் இணைத்து நகரச் செய்வார்கள் என்று ஒரு கதை நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. அது எவ்வளவு உண்மையோ, அந்த அணி 1990–91 பருவத்தில் 38 லீக் ஆட்டங்களில் 18 கோல்களை மட்டுமே வாங்கியது என்பது பதிவில் இருக்கிறது. அந்தக் கயிற்றுப் பயிற்சியை இந்த வகுப்பு எடுத்தாண்டிருக்கிறது.

நாங்களும் செய்து பார்த்தோம். எங்கள் இடது பேக், அதாவது இடது ஓரத் தடுப்பாட்டக்காரன், எப்போதும் ஓரடி பின்தங்கியே நிற்பான். அவனைச் சத்தம் போட்டுத் திருத்த முயன்று எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். கயிறு கட்டிய முதல் நாளிலேயே காரணம் தெரிந்துவிட்டது. தன் முதுகுப்பக்கம் நிற்கும் எதிரணியின் ஓரத் தாக்குதல் வீரரான விங்கரைப் பார்க்கத் தலையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அவன் கால் தானாகவே பின்னே போகிறது. அப்போது கயிறு இறுகி அவன் இடுப்பைச் சுண்டி இழுக்கிறது. நான் வாய் திறப்பதற்கு முன்பே அவனுக்குப் புரிந்துபோனது.

வரலாற்றுப் பாடமும் நன்றாகவே இருக்கிறது. நியூகாசில் யுனைடெட் அணியின் பில் மெக்ராக்கன் இந்தப் பொறியை எரிச்சலூட்டும் அளவுக்குக் கச்சிதமாகப் பயன்படுத்தியதும், முன்கள வீரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருக்க வேண்டும் என்ற விதி 1925-இல் இருவர் என்று தளர்த்தப்பட்டதும், அதனால் இங்கிலாந்து லீக்கில் ஒரே பருவ இடைவெளியில் கோல்களின் எண்ணிக்கை 4,700-இலிருந்து 6,373-ஆக எகிறியதும் சுவையாகச் சொல்லப்படுகின்றன. ஆனால் மெக்ராக்கனுக்குக் கால் மணி நேரம் கொடுத்தவர்கள், சமகோட்டில் நிற்பவர் ஆஃப்சைடு ஆகமாட்டார் என்ற 1990-ஆம் ஆண்டு மாற்றத்தை ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகிறார்கள். இன்று பொறி வைக்கும் தடுப்பாட்டக்காரர் தன் ஆளோடு சமமாக நின்றால் போதாது, அவரைவிட ஒரு பிடியாவது முன்னேறி நின்றாக வேண்டும் என்பதற்கு அந்த மாற்றமே காரணம் என்பதால், அதற்குத்தான் அதிக நேரம் செலவிட்டிருக்க வேண்டும்.

மூன்றாம் வாரத்தில்தான் வகுப்பின் உண்மையான குறை வெளிப்படுகிறது. தற்காப்பு என்றாலே பின்னால் நிற்கும் நால்வர்தான் என்ற எண்ணத்தில் பாடங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. பந்தைக் காலில் வைத்திருப்பவர் யார், அவர் தலை நிமிர்ந்திருக்கிறதா குனிந்திருக்கிறதா, அவருக்கு நெருக்கடி கொடுக்க யாராவது இருக்கிறார்களா என்ற கேள்விகளே எழுப்பப்படுவதில்லை. 2022 உலகக் கோப்பையில் சவூதி அரேபியா அர்ஜென்டினாவை 2–1 என்று வென்ற ஆட்டத்தை ஒரு பாடம் முழுக்க அலசுகிறார்கள். முதல் பாதியில் மட்டும் அர்ஜென்டினா ஏழு முறை ஆஃப்சைடில் சிக்கியதையும், மூன்று கோல்கள் செல்லாமல் போனதையும் காட்டி, ஒவ்வொரு முறையும் படத்தை நிறுத்திப் பின்வரிசையின் மேல் சிவப்புக் கோடு வரைகிறார்கள். அந்தக் கோட்டுக்கு முன்னால் நடுக்கள வீரர்கள் எவ்வளவு நெருக்கமாக நின்றார்கள் என்பது அதே படத்திலேயே தெரிகிறது, அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அரிகோ சாக்கி மிலான் அணிக்குக் கற்றுக்கொடுத்தபோது முதலில் வலியுறுத்தியது பின்வரிசைக்கும் முன்வரிசைக்கும் இடையே ஏறத்தாழ 25 மீட்டர் தூரமே இருக்க வேண்டும் என்பதைத்தான். பந்து வைத்திருப்பவருக்கு மூச்சுவிட இடமில்லாதபோதுதான் அந்த அணியின் தடுப்பாட்டக்காரர் பரேசி கையை உயர்த்தி வரிசையை மேலே அழைத்துச் செல்ல முடிந்தது. இந்த வகுப்பு பரேசியின் கையைக் காட்டுகிறது, மற்றதை விட்டுவிடுகிறது.

இதன் விலையை நாங்கள் ஒரு பயிற்சி ஆட்டத்தில் கொடுத்தோம். எதிரணியின் நடுக்கள வீரர் ஒருவர் யாருடைய தொந்தரவும் இல்லாமல் தலை நிமிர்ந்து பந்தோடு வந்துகொண்டிருந்தார். வகுப்பில் சொன்னபடியே எங்கள் நால்வரும் ஒரே குரலில் முன்னேறினார்கள். கோடு அளவுகோல் வைத்து வரைந்தது போல இருந்தது. அவர் அவசரப்படவே இல்லை. ஆஃப்சைடில் நின்ற முன்கள வீரரை அப்படியே விட்டுவிட்டு, பின்னாலிருந்து ஓடிவந்த இன்னொரு நடுக்கள வீரருக்குப் பந்தைச் சரித்தார். ஓடிவந்தவர் எங்கள் கோட்டைத் தாண்டியபோது எங்கள் பையன்கள் எதிர்த் திசையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். நின்றுகொண்டிருப்பவரைப் பொறி பிடிக்கும், பின்னாலிருந்து ஓடிவருபவரைப் பிடிக்காது என்ற அடிப்படை எச்சரிக்கை இருபத்துநான்கு பாடங்களில் எங்குமே வரவில்லை.

அதற்கு நேர்மாறாக, ஐந்தாம் வாரத்தில் வரும் ஃப்ரீ கிக் பாடம் அருமையானது. 2018 உலகக் கோப்பையில் செனகலுக்கு எதிராக ஜப்பான் செய்ததை மாதிரியாகக் காட்டுகிறார்கள்: செனகல் வீரர் பந்தை அடிக்க ஓடிவரும்போது ஜப்பானின் மொத்த வரிசையும் திடீரென்று முன்னே பாய, பெனால்டி பகுதிக்குள் காத்திருந்தவர்கள் கூட்டமாக ஆஃப்சைடில் சிக்கிக்கொண்டார்கள். எங்கள் பையன்கள் இதை நான்கே நாட்களில் கற்றுக்கொண்டார்கள். நிலைப்பந்தில் பந்து எப்போது அடிக்கப்படும் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் காரணம். ஓடும் ஆட்டத்தில் அந்தக் கணத்தை நாமே நெருக்கடி கொடுத்து உருவாக்க வேண்டும் என்று அடுத்த பாடத்தில் சொல்லியிருந்தால், வகுப்பின் தரம் ஒரு படி உயர்ந்திருக்கும். 2023 நவம்பரில் செல்சிக்கு எதிராக ஒன்பது பேரோடு ஆடிய டாட்டன்ஹாம், நடுக்கோட்டுக்கு அருகிலேயே பின்வரிசையை நிறுத்தியதை அதற்கு நல்ல பாடமாக வைத்திருக்கலாம். கோல்கீப்பர் விகாரியோ பெனால்டி பகுதியை விட்டு மீண்டும் மீண்டும் வெளியே ஓடிவந்து காப்பாற்றியதால் 75-ஆம் நிமிடம் வரை 1–1 என்று தாக்குப்பிடித்தார்கள். பந்துக்காரரை நெருக்க ஆள் இல்லாததால் கடைசியில் நிக்கோலஸ் ஜாக்சன் மூன்று கோல்கள் போட, 4–1 என்று முடிந்தது. உயர்ந்த வரிசைக்குப் பின்னால் கோல்கீப்பர் எப்படி நிற்க வேண்டும் என்பதற்கு இந்த வகுப்பு ஒதுக்கியிருப்பது ஏழு நிமிடம்.

தொழில்நுட்பத்துக்கோ இரண்டு முழுப் பாடங்கள் இருக்கின்றன. ஆஃப்சைடைக் கண்டறிய 2022 உலகக் கோப்பையில் பயன்படுத்தப்பட்ட அரைத் தானியங்கி முறை, மைதானக் கூரையின் கீழ் 12 கேமராக்களை வைத்து, ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை கணக்கிட்டது என்பதைத் தெரிந்துகொள்வதில் மகிழ்ச்சிதான். ஆனால் துணை நடுவர்களே இல்லாமல் ஒற்றை நடுவர் ஓடியோடித் தீர்ப்பளிக்கும் ஆட்டங்களில் பொறி வைப்பது சூதாட்டத்துக்குச் சமம் என்பதை யாராவது ஒரு நிமிடம் சொல்லியிருக்கலாம். கையை உயர்த்தி நடுவரைப் பார்த்தபடி நிற்பதையும் ஓர் உத்தியாகவே கற்றுத்தருகிறார்கள். அந்தப் பாடத்தை நான் என் பையன்களுக்குக் காட்டவில்லை.

விதியிலேயே ஒரு பிழை இருப்பதைத்தான் மன்னிக்க முடியவில்லை. கடைசி இருவரில் ஒருவர் கோல்கீப்பராக இருந்தே ஆக வேண்டும் என்று நான்காம் வாரப் பாடம் அடித்துச் சொல்கிறது. எதிரணியினர் யாராயினும் இருவர் என்பதே விதி. கோல்கீப்பர் முன்னே வந்துவிட்டால் கடைசித் தடுப்பாட்டக்காரருக்கு அடுத்து நிற்பவரை வைத்துத்தான் கணக்கு. 2010 உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மெக்சிகோவின் கார்லோஸ் வேலா போட்ட கோல் இதனால்தான் செல்லாமல் போனது: கோல்கீப்பர் வெளியே வந்துவிட்டிருந்தார், கோல் கோட்டருகே ஒரே ஒரு தடுப்பாட்டக்காரர் மட்டுமே நின்றார். கார்னரைத் தடுத்துவிட்டு வெளியேறும் ஒவ்வொரு முறையும் இந்தக் கணக்கு தேவைப்படும்.

ஆக, கோட்டில் நிற்கவும் சேர்ந்து நகரவும் தெரியாத அணிக்கு முதல் இரண்டு வாரங்களும் ஃப்ரீ கிக் பாடமும் உறுதியாக உதவும். தனித்தனிப் பாடமாக விற்றால் அவற்றை மட்டும் வாங்கச் சொல்வேன், ஆனால் முழுத் தொகுப்பாகத்தான் தருகிறார்கள். பயிற்சித் தாள்கள் தெளிவானவை, வரைபடங்கள் மட்டும் அச்சில் மிகச் சிறிதாக விழுகின்றன. கேள்வி அனுப்பினால் மூன்று நாட்களில் பதில் வருகிறது. கோல்கீப்பர் குறித்த பிழையைச் சுட்டிக்காட்டி எழுதியபோது, நன்றி தெரிவித்து, திருத்திவிடுவதாகப் பதில் எழுதினார்கள். நேற்று மறுபடி உள்ளே சென்று பார்த்தேன். நான்காம் வார வினாத்தாளில் ஏழாவது கேள்விக்கு இன்னமும் ‘கோல்கீப்பர்’ என்று எழுதினால்தான் மதிப்பெண் விழுகிறது.