நாலு வருட வைஃபை காலிங்: தெரிந்துகொண்டவை

எங்கள் வீட்டு உள்ளறையில் மொபைல் சிக்னல் ஒரு கோடுகூட நிற்காது. யார் கூப்பிட்டாலும் ஜன்னலோரம் ஓட வேண்டும். நாலு வருடத்துக்கு முன்பு போன் செட்டிங்ஸில் வைஃபை காலிங்கை ஆன் செய்தேன். அன்றோடு அந்த ஓட்டம் நின்றது. தனியாக ஆப் எதுவும் வேண்டாம். அதே எண், அதே டயலர். போன் நம் வீட்டு இணையத்துக்குள்ளேயே ஒரு பாதுகாப்பான சுரங்கப் பாதை போட்டு, சிம் கொடுத்த நிறுவனத்தின் நெட்வொர்க்கோடு சேர்ந்துகொள்கிறது. எதிர்முனையில் இருப்பவருக்கு வழக்கமான அழைப்பாகத்தான் வரும்.

எனக்குப் பெரிய சந்தோஷம் குரலின் தெளிவுதான். பழைய போன் அழைப்பில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் போகும். இரண்டு பக்கமும் எச்.டி. வாய்ஸ் (குரலை இன்னும் தெளிவாக அனுப்பும் வசதி) இருந்தால் 50 முதல் 7000 ஹெர்ட்ஸ் வரை போகும். மின்னஞ்சல் முகவரி சொல்லும்போது "எஸ்ஸா, எஃபா?" என்று நாலு தடவை கேட்பார்களே, அது குறைந்துவிட்டது. அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். இப்போதெல்லாம் நான் கத்தாமல் பேசினாலே அவருக்குப் புரிகிறது.

ஆனால் முதல் வருடம் ஒரு தொல்லை இருந்தது. பகலில் நன்றாக இருக்கும் அழைப்பு, மாலையானால் துண்டு துண்டாகிவிடும். "நா... க்கு வர்..." என்று பாதிப் பாதியாகக் கேட்கும். இணைய வேகத்தைச் சோதித்தால் 100 எம்.பி.பி.எஸ். காட்டும்! ஒரு அழைப்புக்கு அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 100 கே.பி.பி.எஸ்.ஸே தாராளம். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. குரலை 20 மில்லிசெகண்ட் துண்டுகளாக நறுக்கி, செகண்டுக்கு 50 பாக்கெட்டாக (சின்னத் தகவல் பொட்டலமாக) அனுப்புகிறார்கள். அவை சீரான இடைவெளியில் வந்தாக வேண்டும். தாமதமாக வரும் பாக்கெட்டால் பயனில்லை, அதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

எங்கள் வீட்டில் மாலையில் எல்லார் போனும் போட்டோ பேக்கப்பைத் தொடங்கும். அப்லோட் வரிசை ரவுட்டரில் நிரம்பி வழிய, என் குரல் அதன் பின்னால் நிற்கும். பேக்கப் ஓடும்போது பிங் (ஒரு தகவல் போய்த் திரும்ப எடுக்கும் நேரத்தைக் காட்டும் சோதனை) போட்டுப் பார்த்தேன்: வழக்கமாக 20 மில்லிசெகண்ட் காட்டுவது 400ஐத் தாண்டியது. பேக்கப்பை நடு இரவுக்கு மாற்றினேன். ரவுட்டரில் இந்த வரிசை நிரம்பாமல் பார்த்துக்கொள்ளும் எஸ்.க்யூ.எம். வசதி இருந்ததால், அப்லோட் வரம்பை உண்மையான வேகத்தில் 90 சதவீதமாக வைத்தேன். அன்றிலிருந்து மாலை அழைப்புகள் கெடவில்லை. இன்னும் வேகமான பிளானுக்குப் பணம் கட்டும் முன் இதைச் செய்து பாருங்கள்.

வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் மைக்ரோவேவ் அடுப்பும் இடைஞ்சல் செய்யும், அதுவும் அதே அலைவரிசைதான். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினேன். அது சுவர்களைத் தாண்டுவதில் கொஞ்சம் பலவீனம். அதனால் அலமாரிக்குள் இருந்த ரவுட்டரை வெளியே எடுத்து உயரத்தில் மாட்டினேன்.

இன்றுவரை தீராத குறை, பேசிக்கொண்டே வெளியே போவது. வோல்ட்இ (4ஜி வழியாகவே குரல் அழைப்பு போகும் வசதி) இருக்கும் இடத்தில் அழைப்பு அறுபடாமல் மொபைல் நெட்வொர்க்குக்கு மாற வேண்டும். என் போனோ தேய்ந்துபோன வைஃபையை வாசல் தாண்டியும் விடாது. முக்கியமான பேச்சு என்றால், மொபைல் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் வாசற்படியில் நானே வைஃபையை அணைத்துவிடுகிறேன். பொது இடத்து வைஃபையை இதற்கு நம்பவே வேண்டாம். அந்தப் பாதுகாப்பான சுரங்கப் பாதைக்கு வேண்டிய 500, 4500 எண் போர்ட்டுகளை (இணையத் தகவல் போய்வரும் வாசல்களை) சில இடங்களில் அடைத்து வைத்திருப்பார்கள்.

கரண்ட் போனால் ரவுட்டரும் போகும், அழைப்பும் போகும். உள்ளறையில் வேறு வழியில்லாத எங்களுக்கு இது சாதாரண விஷயமில்லை, ரவுட்டருக்கென்றே ஒரு சின்ன யு.பி.எஸ். வாங்கி வைத்தேன். இன்னொன்று: வைஃபை வழியாக அவசர எண்ணை அழைக்கும்போது நாம் இருக்கும் இடம் சரியாகத் தெரியாமல் போகலாம். சில நிறுவனங்கள் இதற்காகவே ஆன் செய்யும்போது முகவரி கேட்கின்றன. நான் வீடு மாறிய பிறகும் ஆறு மாதம் பழைய முகவரியே அதில் இருந்தது. உங்களுடையதை இன்றைக்கே ஒரு தடவை திறந்து பாருங்கள்.