சீருடை கிளப்பா, தனியார் கிளப்பா?

நேபாளத் தலைநகர் காட்மாண்டுவில் முதல் ஒப்பந்தம் தேடும் பதினெட்டு வயது கால்பந்து ஆட்டக்காரருக்கு இரண்டு கதவுகள் உண்டு.

ஒன்று, சீருடைப் படைகளின் அணிகள்: ராணுவத்தின் திரிபுவன் ஆர்மி, நேபாள போலீஸ், ஆயுதக் காவல் படை. பணியில் சேர்ந்துவிட்டால் மாதச் சம்பளம் வரும், ஓய்வூதியமும் உண்டு. முழங்கால் போனாலும் அடுப்பு அணையாது. ஆனால் வெளிநாட்டு கிளப் அழைத்தால், கையிலிருக்கும் அரசு வேலையை விட்டுத்தான் போக வேண்டும்.

இன்னொன்று, மனாங் மர்ஸ்யாங்டி, மச்சிந்திரா, த்ரீ ஸ்டார் போன்ற தனியார் கிளப்புகள். இங்கே வருமானம் ஒப்பந்தத்தையும் சீசனையும் நம்பியது. அந்த சீசனே நடக்காமல் போகலாம் என்பதுதான் கொடுமை. 2013-14க்குப் பிறகு நேபாளத்தின் முதன்மைப் போட்டியான ஏ டிவிஷன் லீக் மீண்டும் நடந்தது 2018-19இல்தான். இடையில் 2015 நிலநடுக்கம் காட்மாண்டுவின் தசரத மைதானத்தையும் சிதைத்தது. இருபது வயதில் நாலைந்து ஆண்டு அந்த லீக் இல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய இழப்பு!

ஆனாலும் நேபாள ஆட்டக்காரர் ரோகித் சந்த் இந்தத் தனியார் கிளப் வழியில்தான் போனார். மச்சிந்திராவில் ஆடியவர், பெங்களூரு வழியாக இந்தோனேசியா சென்றார். 2018இல் அவர் ஆடிய பெர்சிஜா ஜகார்த்தா கிளப் இந்தோனேசிய லீக்கை வென்றபோது தொடரின் சிறந்த ஆட்டக்காரர் அவரே.

வீட்டில் கடன் இருந்தால் சீருடையையே சொல்வேன். இல்லையென்றால், இருபத்திரண்டு வயது வரையாவது தனியார் கிளப்பில் ஆடிப் பார்க்கட்டும்.